மஞ்சள் கைப்பிடி

ஜூன் 3, திங்கள்

காலை ஆறு மணி. பம்ப் அறை மீட்டர்: நேற்றிலிருந்து 40 யூனிட்.

மின்வாரியத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுத்தவள் என்பதால், ஓய்வுபெற்றதும் இந்தக் குடியிருப்பின் பராமரிப்புக் குழுவில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்தெட்டு வீடுகள், இரண்டு லிஃப்ட், ஒரு நீச்சல்குளம். நேற்றுக் குழுக் கூட்டத்தில் செயலாளர் ஜெகந்நாதன் குளத்தைப் பற்றி முடிவாகப் பேசிவிட்டார்.

"மேடம், ரெண்டு லிஃப்டும் சேர்ந்து திங்கறதைக் காட்டிலும் அந்தக் குளம் ஜாஸ்தி திங்குது. அத்தனை தின்னும் தண்ணி மோர் மாதிரி கிடக்குது. மண்ணைக் கொட்டி மூடிட்டா பன்னெண்டு காரு நிறுத்தலாமுங்க."

ஜூலை 14 ஞாயிறு பொதுக்குழு. அன்று வாக்கெடுப்பு. அதற்குள் யூனிட் குறைந்து தண்ணீரும் தெளிந்தால் குளம் இருக்கும். இல்லாவிட்டால் மண் லாரி வரும். பொறுப்பு என்னுடையது.

என் கணவர் நாச்சிமுத்துவுக்கு டிசம்பரில் வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சும் போயிற்று, இப்போது நாளுக்கு நாலைந்து சொற்கள் வருகின்றன. தரையில் நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு இருபது அடி நடப்பார். குளத்தில், மார்பளவுத் தண்ணீரில், ஊன்றுகோல் இல்லாமல் அகலவாக்கில் ஏழு மீட்டர் நடக்கிறார். நானும் சுடிதாரோடு கூடவே இறங்குகிறேன். இன்று இரண்டு அகலம்.

இதைப் பதிவுக்காக எழுதி வைக்கிறேன். குளத்தை மூடக் கூடாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் அது குடியிருப்பின் பொதுச் சொத்து என்பதுதான்.

ஜூன் 5, புதன்

40 யூனிட். ஆழமான பக்கத்தில் தரையில் பதித்த கறுப்பு டைல் தெரியவில்லை. தண்ணீருக்கு அதுதான் என் மீட்டர்.

பம்ப் இயக்கும் ஆறுச்சாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஒன்பது மணி நேரம் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது?

"நானென்னங்க்கா பண்ணுவேன்? மோட்டாருக்கு மூச்சு வாங்குதுங்க. ஜனவரிக்கு முன்னாடியிருந்தே சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன்."

"மோட்டாருக்கு ஏதுங்க மூச்சு? யூனிட்டுத்தான் இருக்குது."

அவர் மூச்சு என்று சொன்னதால்தான் ஜனவரியில் இரண்டு ஹெச்.பி. மோட்டாரை எடுத்துவிட்டு ஐந்து ஹெச்.பி. போட்டோம். அப்படியும் மூச்சு வாங்குகிறதென்றால் ஆறுச்சாமி வேலை நேரத்தில் அறையைப் பூட்டிவிட்டு எங்கோ போகிறார் என்றுதான் பொருள். போன வாரம் இருமுறை அறை பூட்டியிருந்ததை நானே பார்த்தேன். குழுவிடம் சொன்னேன். மாலையே அவரை நிறுத்திவிட்டார்கள்.

அறிவிப்பை நான்தான் எழுதினேன். "பம்ப் இயக்குபவரின் கவனக்குறைவால் மின்செலவு பெருகி நீரும் கலங்கியது. அவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். – மரகதம், பராமரிப்புக் குழு." சுருக்கமாக வந்தது. லிஃப்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டினேன்.

ஜூன் 6, வியாழன்

41 யூனிட் என்று எழுதியது தவறு, 39. ஒற்றைக் கோடு அடித்து, மேலே சரியானதை எழுதி, ம.நா. என்று சுருக்கொப்பம் வைத்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த முதல் வாரம் பழகியது. மீட்டர் அட்டையில் எண் தப்பினால் அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது, அட்டையைக் கிழிக்கக் கூடாது. தவறும் தெரிய வேண்டும், திருத்தியவர் யார் என்றும் தெரிய வேண்டும். எங்கள் பிரிவில் வீட்டுக்காரரிடமும் ஒரு கையெழுத்து வாங்குவோம்.

ஜூன் 10, திங்கள்

ஐந்து நாளாகச் சாவி என்னிடம். நானே போட்டு நானே நிறுத்துகிறேன். ஒரு நிமிடம்கூட அறையை விட்டு நகரவில்லை. 39, 40, 40, 39, 40.

பம்ப் அறையை ஒருமுறை முழுக்கச் சரிபார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. ஆறுச்சாமி தரையைக்கூடத் துடைத்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். வால்வுகள் நான்கு. மஞ்சள் கைப்பிடிகள் நான்கும் குழாய்க்கு நேராக, ஒரே வரிசையில் நிற்கின்றன. கைப்பிடி குழாய்க்கு நேராக இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். எல்லாம் திறந்தே இருக்கின்றன. பெயின்ட் இன்னும் மங்கவில்லை.

ஆள் மாறியும் யூனிட் மாறவில்லை. வேறு காரணமும் சேர்ந்திருக்கலாம்.

ஜூன் 12, புதன்

சாரல். பாலக்காட்டுப் பக்கத்துக் காற்று.

என் கணவர் இன்று மூன்று அகலம். ஆழமான பக்கம் திரும்பும்போது, தரையில் இரும்புச் சல்லடை போட்ட இடத்தில் வலது காலை வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்து, "இழுக்கல" என்றார்.

ஆறு மாதத்தில் முதல்முறையாகத் தன் காலைப் பற்றிப் பேசியிருக்கிறார்! பிசியோதெரபி செய்யும் பெண்ணுக்கு உடனே ஃபோன் செய்தேன். "நல்ல அறிகுறிம்மா" என்றாள். வரும் வழியெல்லாம் இவரும் "இழுக்கல, இழுக்கல" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கொஞ்சம் கோபமாகச் சொன்னார். சொல் சரியாக வராத கோபம் என்று நினைக்கிறேன்.

ஜூன் 14, வெள்ளி

39. டைல் தெரியவில்லை. இழுக்கல, நான்கு முறை.

ஜூன் 16, ஞாயிறு

தரைத்தளத்தில் குடியிருக்கும் ரெஜினா பம்ப் அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகூட பம்ப் சத்தம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சண்டைக்கு வந்தாளோ என்று நினைத்தேன்.

"ஏனுங்க ஆன்ட்டி, உள்ள யாராச்சும் ஜல்லி அரைக்கறீங்களா?"

"பம்ப்புத்தான் கண்ணு. அது அப்படித்தான் சத்தம் போடும்."

"பம்ப்பு அப்படிச் சத்தம் போடாதுங்க. தண்ணி பத்தாத பம்ப்புத்தான் போடும்."

உள்ளே வந்து மோட்டாரின் பெயர்த்தகட்டைப் பார்த்தாள். பிறகு குளத்திலிருந்து வரும் குழாயின் பருமனைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இது ஒண்ணரை இஞ்ச்சு பைப்பு. இதுல அஞ்சு ஹெச்பி எதுக்குங்க? ஸ்ட்ராவை வெச்சு இளநி குடிக்கறீங்க. வரமாட்டேங்குதுன்னா இன்னும் கன்னத்தை உள்ள இழுத்து உறிஞ்சறீங்க. அப்ப என்னாகும்? கன்னந்தான் வலிக்கும். மோட்டாரைப் பெருசாக்கினா ஸ்ட்ரா பெருசாகுமா?"

குளத்தின் ஓரத்தில் தண்ணீர் திரும்ப வந்து விழும் இடத்தைக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாகக் குமிழி. அத்தனையும் காற்று என்றாள். இழுக்க வழியில்லாத பம்ப் கிடைத்த சந்திலெல்லாம் காற்றை இழுக்குமாம். மின்சாரமெல்லாம் அங்கேதான் வீணாகிறது.

"இதுக்கு முன்னாடி யாரு ஓட்டினது? அவருக்கு இது தெரிஞ்சிருக்கணுமே. பம்ப்பு பக்கத்துலயே இருக்கறவருக்குச் சத்தம் மாறினது என்னைக்குன்னு தெரியும்."

மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் சொன்னதாகச் சொன்னேன்.

"கரெக்டாச் சொல்லியிருக்காருங்க" என்றாள் ரெஜினா.

ஜூன் 18, செவ்வாய்

கீரை வாங்கப் போனேன். வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆறுச்சாமியைப் பார்க்க நேர்ந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தார். நம் குடியிருப்பிலிருந்து ஏழு கிலோமீட்டர், இரண்டு பஸ்.

"வாங்க்கா. கீரை வாங்க இவ்வளவு தூரமுங்களா?" என்றார்.

இங்கே தண்டுக்கீரை நன்றாக இருக்கும் என்றேன்.

பம்ப் சத்தம் எப்போது மாறியது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "ஆயுத பூஜை கழிச்சுங்க. பூஜைக்கு ஒரு நாள் மோட்டாரை நிறுத்தினோம். அடுத்த நாள் போட்டா அந்தச் சத்தம். அப்பவே செயலாளர்கிட்டச் சொன்னேனுங்க. புது மோட்டாரு வாங்கிட்டாங்க."

"அறையைப் பூட்டிட்டு எங்க போவீங்க?"

"குளத்து மேல்தண்ணியை இழுக்கற மேல் லைன் வாயில இலை அடைச்சுக்கும். அந்த ஒரு லைன்லதான் தண்ணி வருது, அதும் அடைச்சா மோட்டாரு கருகிப்போயிரும். குளத்துக்குப் போயி இலையை வாரிட்டு வருவேன். கரண்டு இருக்கற ரூமுங்க, தொறந்து போட்டுட்டா போக முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்க முடியுமா என்றேன். டீசல் கேனை மூடிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்தத் தாளு இன்னும் ஒட்டியிருக்குதுங்களா?"

இருக்கிறது.

"என்ற சம்சாரம் மூணாவது மாடியில ரெண்டு வீட்டுல வேலைக்கு வருதுங்க. லிஃப்டு பக்கம் போறதில்லை இப்ப. படியிலயே ஏறிப் போகுது. அதைத் தாண்டிப் போக முடியலைன்னு சொல்லுது."

வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கீரை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 20, வியாழன்

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அந்தத் தாளை மறுபடி படித்தேன். கவனக்குறைவு என்ற சொல்லை நான் கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கலாம்.

ஜூன் 23, ஞாயிறு

ஆறுச்சாமி வந்தார். சம்பளத்துக்கு இல்லை, பார்க்க மட்டும் என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார். ரெஜினா கம்பெனியிலிருந்து உறிஞ்சும் பக்கத்து அழுத்தம் காட்டும் ஒரு மீட்டரைக் கொண்டுவந்திருந்தாள். மீட்டர் என்றதும் எனக்குத் தெம்பு வந்தது.

மாட்டினார்கள். முள் பதினெட்டில் போய் நின்றது.

"நாலு அஞ்சு இருக்கணுமுங்க. இது கழுத்தை நெரிச்சுப் பிடிச்ச மாதிரி" என்றாள்.

குளத்திலிருந்து இரண்டு வழியாகத் தண்ணீர் வருகிறது. மேற்பரப்பிலிருந்து வருவது மேல் லைன். தரைச் சல்லடையிலிருந்து வருவது அடி லைன். இரண்டும் சேர்ந்து பம்ப்புக்குள் போகின்றன. ரெஜினா இரண்டு குழாயிலும் ஒவ்வொரு கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், டாக்டர் மாதிரி.

"மேல் லைன் அதிருது. அடி லைன் செத்துக் கிடக்குதுங்க. உள்ள அடைப்பா?"

"வால்வு தொறந்துதாங்க இருக்குது. கம்பி விட்டுக்கூடப் பார்த்தேன், குளத்துப் பக்கம் அடைப்பே இல்லை" என்றார் ஆறுச்சாமி.

குளத்தில் இவர் மார்பளவுத் தண்ணீரில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். ரெஜினா ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் சிவப்பு நூலைக் கட்டி, தரைச் சல்லடைக்கு மேலே பிடித்தாள். பம்ப் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நூல் சும்மா மிதந்தது.

இவர் நூலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் மக்குப் பிள்ளைக்குச் சொல்வது போல, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "இழு... க்க... ல."

"ஆமாங்க அங்கிள், இழுக்கலைதான். நீங்க எப்பப் பார்த்தீங்க?" என்றாள் ரெஜினா.

இவர் இடது கையால் பன்னிரண்டு என்று விரல் காட்டினார். ஐந்து, மறுபடி ஐந்து, பிறகு இரண்டு. ஜூன் 12. தன் காலை அல்ல, காலின் கீழே இருந்த சல்லடையைச் சொல்லியிருக்கிறார். பதினோரு நாள்.

மறுபடி பம்ப் அறைக்குப் போனோம். ரெஜினா மோட்டாரை நிறுத்திவிட்டு அடி லைன் வால்வின் மஞ்சள் கைப்பிடியைப் பிடித்து மேலே இழுத்தாள். கையோடு வந்துவிட்டது. அடியில் சதுரத் தண்டு. தண்டின் தலையில் மெல்லியதாக ஒரு வெட்டு. வால்வுக்குள் ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கு அதுதான் அடையாளமாம். வெட்டு குழாய்க்குக் குறுக்கே இருந்தது.

"மூடியிருக்குது! கைப்பிடியை மட்டும் கழட்டித் திருப்பி மாட்டியிருக்காங்க. சதுரத் தண்டு பாருங்க, எப்படி வேணும்னாலும் உக்காந்துக்கும். யாருங்க இதைக் கழட்டினது?"

ஆறுச்சாமி அவள் கையிலிருந்த கைப்பிடியை ஒரு கணம் பார்த்தார். அதன் மஞ்சளைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார்.

"என்னமோ திரும்பிருச்சுங்க. பழைய வால்வு" என்றார்.

ரெஜினா தண்டைக் கால் சுற்றுத் திருப்பினாள். மோட்டாரைப் போட்டாள். ஜல்லிச் சத்தம் இல்லை. எட்டு மாதத்துக்குப் பிறகு ஆறுச்சாமியின் முகத்தில் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "கேட்டீங்களாக்கா? மூச்சு வுட்ருச்சு."

முள் ஆறில் நின்றது. வெளியே இவர் ஏதோ கத்தினார். ஓடினேன். குச்சியைத் தானே பிடித்திருந்தார். சிவப்பு நூல் வளைந்து சல்லடையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இழுக்குது!" என்றார். நான் முதலில் இவர் வலது காலைத்தான் பார்த்தேன். பிறகுதான் சிரித்தேன்.

ஜூன் 24, திங்கள்

போன ஆண்டு நாட்குறிப்பை எடுத்து அக்டோபர் 23-ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்தேன்.

36 யூனிட்.

ஜூன் 25, செவ்வாய்

37. துணி துவைத்தேன். இவருக்கு முகச்சவரம் செய்துவிட்டேன். இரண்டு இடத்தில் வெட்டிவிட்டது.

ஜூன் 26, புதன்

அந்தப் பக்கத்தை இங்கே படி எடுத்து எழுதுகிறேன்.

"ஆயுத பூஜை. பம்ப்புக்கு இன்று ஓய்வு. அறையைக் கழுவிச் சந்தனம் வைத்தோம். வால்வு கைப்பிடிகள் துருப்பிடித்து அசிங்கமாக இருந்தன. நான்கையும் கழற்றி மஞ்சள் பெயின்ட் அடித்தேன். அடி லைன் வால்வில் துளித்துளியாகக் கசிவு. பெயின்ட் நனையாமலிருக்க அதை மட்டும் மூடிவிட்டுக் கழற்றினேன். ஆறுச்சாமி வீட்டு பூஜைக்குப் போய்விட்டார். மாலை நான்கையும் ஒரே வரிசையில் நேராக மாட்டினேன். பார்க்க அழகாக இருக்கிறது."

முப்பத்திரண்டு ஆண்டுகளில் யார் சொன்ன எண்ணையும் நான் எழுதியதில்லை. மாடிப்படிக்கு அடியில் தவழ்ந்து போயாவது முள்ளை என் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன். ஆனால் கைப்பிடி முள் அல்ல. அது மாட்டியவர் மாட்டிய பக்கம் காட்டும்.

ஆறுச்சாமிக்கு ஞாயிறன்றே தெரிந்துவிட்டது. பழைய வால்வு என்றார்.

ஜூன் 30, ஞாயிறு

மோட்டார் ஓடாத நாள். காலை எட்டிலிருந்து நாலு வரை குழாய் வேலை. வால்வைத் திறந்தது மட்டும் போதாது என்று ரெஜினா சொல்லிவிட்டாள். ஐந்து ஹெச்.பி.யைக் கழற்றி, கிடங்கில் கிடந்த பழைய இரண்டு ஹெச்.பி.யை மாட்டினார்கள். பம்ப்புக்கு முன்னால் இரண்டு அடிக்குள் மூன்று முழங்கை வளைவுகள் இருந்தன. தண்ணீர் ஒவ்வொன்றிலும் முட்டி முட்டித் திரும்பியாக வேண்டும். அவற்றை வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு இஞ்ச்சுக் குழாயை நேராக விட்டு, ஒரே ஒரு நீண்ட வளைவு வைத்தார் ஆறுச்சாமி. வடிகட்டி மணலையும் கிளறிக் கழுவினோம். எட்டு மாத அழுக்கு.

ஆறுச்சாமி மண்டபத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். சம்பளம் பற்றிக் கேட்டேன். "மோட்டாருக்காக வந்தேனுங்க" என்றார். மதியம் என் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டேன். லிஃப்டில் வரவில்லை. நாலு மாடியும் படியேறி வந்தார்.

சாப்பாட்டின்போது இவர் ஆறுச்சாமியைப் பார்த்து, "நல்ல... காது" என்றார். ஆறுச்சாமிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சத்தத்தைக் கேட்டவர் அவர்தான்.

அப்போது சொல்லியிருக்கலாம். ரசம் ஊற்றினேன்.

ஜூலை 4, வியாழன்

14 யூனிட். எட்டு மணி நேர ஓட்டம். இருமுறை துடைத்துப் பார்த்தேன், கண்ணாடியையும் மீட்டரையும்.

ஜூலை 7, ஞாயிறு

13. கறுப்பு டைலின் ஓரம் தெரிகிறது. இவர் ஐந்து அகலம். குழந்தைகள் மூன்று பேர் வந்து குதித்து அலை எழுப்பியதில் ஒருமுறை தடுமாறினார். பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். தானே நின்றார்.

ஜூலை 9, செவ்வாய்

12 யூனிட். டைல் முழுதாகத் தெரிகிறது. நான்கு மூலையும்.

ஜூலை 13, சனி

நாளை பொதுக்குழு. ஜெகந்நாதன் வீட்டுக்கே வந்தார்.

"அசத்திட்டீங்க மேடம். நாப்பதுல இருந்து பன்னெண்டு! நாளைக்கு நீங்களே பேசிருங்க. அப்புறம் அந்த நோட்டீஸு, அதை இன்னைக்கே கிழிச்சுப் போட்டுரட்டுங்களா? இனி எதுக்கு?"

"இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

"ஏன் இப்படியாச்சுன்னு கேட்டா, வால்வு பழுதுன்னு சொல்லிரலாம். அதானுங்களே நடந்தது?"

உரையை எழுதிப் பார்த்தேன். "வால்வின் கைப்பிடி தவறாகப் பொருத்தப்பட்டிருந்தது கண்டறியப்பட்டது." இலக்கணத்தில் பிழை இல்லை. பொருத்தியவர் மட்டும் இல்லை. இவரிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு இடது கையை நீட்டி நாட்குறிப்பைத் தட்டினார். ஜூன் 6-ஆம் தேதிப் பக்கத்தைப் பார்த்திருப்பாரோ தெரியாது. எல்லாப் பக்கமும் இவர் கைக்கெட்டும் மேசைமேல்தான் கிடக்கின்றன.

ஜூலை 14, ஞாயிறு

கூட்டம் பத்து மணிக்கு, கீழே லிஃப்டுக்கு முன்னால் உள்ள கூடத்தில். நாற்பது வீடுகளிலிருந்து வந்திருந்தார்கள். ஆறுச்சாமியையும் அவர் மனைவியையும் வரச் சொல்லியிருந்தேன். இருவரும் படிக்கட்டுப் பக்கம் ஓரமாக நின்றார்கள்.

யூனிட் கணக்கைப் படித்தேன். ரெஜினா பேசினாள். மோட்டாரின் வேகத்தைக் குறைக்கும் ஒரு கருவி வைத்தால் இன்னும் குறையும் என்றாள். "வேகத்தைப் பாதியாக்கினா கரண்டு பாதியாகறதில்லீங்க, ஏறக்குறைய எட்டுல ஒரு பங்காயிரும். தண்ணிக்கு அவசரமே இல்லை. மெதுவா, ரொம்ப நேரம் ஓடினாப் போதும்." முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இவர் பலமாகத் தலையாட்டினார். பிசியோதெரபிப் பெண் இவருக்குச் சொல்வதும் அதேதான்.

பிறகு யாரோ கேட்டார்கள்: "இத்தனை நாளும் என்னங்க ஆச்சு?"

ஜெகந்நாதன் என்னைப் பார்த்தார். நான் எழுதி வைத்த தாளை மடித்துக்கொண்டு அறிவிப்புப் பலகைக்குப் போனேன். என் அறிவிப்பின்மேல் பேனாவால் ஒற்றைக் கோடு அடித்தேன். கீழே இருப்பது படிக்கும்படியாக, மெல்லிய கோடு. அதன்மேல் இப்படி எழுதினேன்: "ஆயுத பூஜையன்று வால்வின் கைப்பிடியை நான் தவறாக மாட்டியதால் மின்செலவு பெருகி நீரும் கலங்கியது. பம்ப் இயக்குபவர் ஆறுச்சாமி முதல் நாளே சரியாகச் சொன்னார். நான் கேட்கவில்லை." ம.நா. என்று சுருக்கொப்பம் வைத்தேன். திரும்பி, அதை உரக்கப் படித்தேன்.



"மேடம், இதெல்லாம் இப்ப எதுக்குங்க?" என்றார் ஜெகந்நாதன் மெதுவாக.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "பரவால்லீங்க. பெயின்ட்டு நல்லாத்தான் அடிச்சிருக்கறீங்க." கூடமே சிரித்தது. நானும்.

ஆறுச்சாமியிடம் போனேன். "மன்னிச்சுக்கங்க ஆறுச்சாமி" என்றேன். அவர் மனைவிதான் பேசினார். "அன்னைக்கே கேட்டிருந்தா ஆயிருக்குமுங்களே. அந்த மனுசன் ஒரு வாரம் சோறு திங்கலை." கேட்டுக்கொண்டு நின்றேன்.

பேனாவை ஆறுச்சாமியிடம் நீட்டினேன். திருத்தத்துக்கு இரண்டாவது கையெழுத்து வேண்டும் என்றேன். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். பலகைக்கு முன்னால் நின்று, கோட்டுக்குக் கீழே இருந்ததையும் மேலே இருந்ததையும் முழுக்கப் படித்தார். பிறகு என் சுருக்கொப்பத்துக்குப் பக்கத்தில் நிதானமாக எழுதினார்: "ஆறுச்சாமி, பம்ப் ஆப்பரேட்டர்."

ஆப்பரேட்டர் என்று அவர் எழுதியதைச் செயலாளர் கவனித்தார். "அப்ப நாளையிலிருந்து வந்துருங்க ஆறுச்சாமி" என்றார்.

"ஒண்ணாந்தேதியிலிருந்து வர்றேனுங்க. மண்டபத்துல சொல்லிட்டு வரணுமில்ல. எங்கயும் அப்படியே போட்டுட்டு வர்ற பழக்கமில்லீங்க."

வாக்கெடுப்பு: குளம் இருக்கட்டும் என்று 29, மூடலாம் என்று 11.

எல்லாரும் கலைந்தபின் ஆறுச்சாமியின் மனைவி லிஃப்டின் பொத்தானை அழுத்திவிட்டு, பலகையைப் பார்த்தபடி காத்திருந்தார். மூன்றாவது மாடிக்குப் போனார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

சாவியை ஒப்படைத்தேன். 9 யூனிட். வேகம் குறைக்கும் கருவி வந்து நான்கு நாள். பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க இப்போது கதவில் காதை வைக்க வேண்டியிருக்கிறது.

நான் குளத்துக்கு வெளியே உட்கார்ந்திருக்க, இவர் தனியாக எட்டு அகலம். பிசியோதெரபிப் பெண் கூட இருந்தாள். நான் சும்மா இருந்ததை எழுதி வைக்க வேண்டும். எனக்கு அது சுலபமாக இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. பம்ப்புக்கு ஓய்வு. ரெஜினா சர்க்கரைப் பொங்கல் கேட்டு வந்து நின்றாள். இவர் ஊன்றுகோலை வாசலில் சாத்திவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மோட்டாருக்குப் பொட்டு வைத்தது இவர்தான், வலது கையால். கோணலாக விழுந்தது. ஆறுச்சாமி அதைச் சரிசெய்ய விடவில்லை.

கைப்பிடிகளில் பெயின்ட் அங்கங்கே உரிந்திருக்கிறது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அக்கா, பெயின்ட் டப்பாவைத் தேடாதீங்க. ஒளிச்சு வெச்சுட்டேன்."